பீலி மாரியப்பன் மாமாவின் வரைபடம்

இதை வாசிக்கும் நீங்கள் மாமாவை அறிந்தவராகத்தான் இருப்பீர்கள். தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவுக்கும் தோட்டத் தலைவருக்கும் காட்டவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மா வெறுங்கூடையோடு திரும்பி வந்தார். "மாரியப்பண்ணன் தண்ணித் தாங்கிக்கிட்ட வழுக்கி விழுந்து செத்துக் கெடக்காராம்டி" என்றார். முப்பது வருடமாக மலையேறி, ஊற்றுத் தண்ணீரை நம் பீலிக் குழாய்களுக்குக் கொண்டுவந்தவர். பாசிக்கல் மேல் வெறுங்காலோடு நடப்பவர். அவரா வழுக்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோட்டத்து ஆபீசில் பழைய தாள்களை எரித்த அன்று, வெள்ளைக்காரர் காலத்து வரைபடம் ஒன்றை மாமா நெருப்பிலிருந்து இழுத்தெடுத்தார். நம் ஆறும் சரிவுகளும் லயக் குடியிருப்புகளும் அதில் இருந்தன. ஆங்கிலம் தெரியாததால் என்னிடம் கொண்டுவந்தார். எங்களுக்குப் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு இறங்கியது. "பழைய ரோட்டு மாமா" என்றேன்.

"பத்தாவது படிக்கிற புள்ள! ரோட்டு இப்புடியா நெட்டுக்குத்தா எறங்கும்? தண்ணிக்குத்தான் இம்புட்டு அவசரம்" என்று சிரித்தார்.

கோட்டின் அருகே மூன்று கறுப்புக் கட்டங்கள். லயம் என்று போட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன். அங்கே லயம் இருந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் அத்திவாரம் தோண்டியபோது ஆளுயர ஆழத்தில் ஓர் அம்மி கிடைத்தது. "புது வீட்டுக்குச் சீர் வந்திருக்கு" என்று அதற்கு மஞ்சள் பூசிச் சிரித்தார்கள். மாமா அதை நினைத்துக்கொண்டு, "ஆளு ஒசரத்துக்கு மண்ணு மூடியிருக்குன்னா, மெதுவா மூடியிருக்காது பாப்பா" என்றார்.

புது வீட்டுச் சாவி கொடுத்த அன்று மாமா படத்தோடு தலைவரிடம் போனார். "அடுத்தவனுக்கு வீடு கெடச்சா வயித்தெரிச்சலா? போய்க் கொழாயப் பாருய்யா!" அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சொந்தமாக அவருக்குக் கிடைத்த முதல் வீடு. அதனால் நானும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன்.

இறப்பதற்கு முதல் நாள் மாமா படத்தை என் கையில் தந்தார். "மழைக்குள்ள பீலி நின்னுச்சுன்னா கேள்வி கேக்காம ஓடு. தண்ணி மலைக்குள்ள சேருது, மலை சரியப் போவுதுன்னு அர்த்தம்."

நேற்று தலைவர் வந்து படத்தைக் கேட்டார். "தேடித் தாறேங்க" என்றார் அப்பா. அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. மாமாவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவும் அந்தக் கடைசிப் பேச்சும்தான்.

மூன்று நாளாக மழை. வீட்டுக்குப் பின்னால் பீலி கொட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன்.

இப்போது மழை மட்டும் கேட்கிறது.

அப்பா அடித்தாலும் சரி, எல்லோரையும் எழுப்பப் போகிறேன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்