வெள்ளைக்காரர் சொன்ன ஏழு தப்பு

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து நான் செய்த முதல் பெரிய காரியம், என் நைனாவைச் சாகடிக்கப் பார்த்ததுதான். பரீட்சையே இல்லாமல் எல்லோரையும் ஏழாவதிலிருந்து எட்டாவதுக்குத் தூக்கிப் போட்டார்களே, அந்த ஊரடங்கு வருஷத்தில் நடந்தது. எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கம். பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, எல்லாவற்றுக்கும் மேலே ஒயின்ஷாப் கிடையாது. ஊர் ஆம்பளைகள் எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நைனா குடித்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டு பறக்கும். சுவரில் ஒட்டின சோற்றைச் சுரண்டிக்கொண்டே, ஒன்றும் நடக்காத மாதிரி, "நீ படிடி" என்பாள் அம்மா. கடையை மூடின பிறகும் பத்து நாள் எங்கிருந்தோ பிளாக்கில் வாங்கிச் சமாளித்தார். அதுவும் தீர்ந்ததும் தட்டு தரையிலேயே இருந்தது. நைனாவின் கைதான் நிலையாக இல்லை. டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்தார். ஜுரமாக இருக்கும், இரண்டு நாளில் விட்டுவிடும், கூடவே குடியும் போய்விடும் என்று நான் நம்பினேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. கம்பெனியை மூடியதும் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் பால் வண்டியிலுமாக வந்து சேர்ந்துவிட்டார். கையில் பெரிய போன், தலை நிறைய யோசனை. வந்த இரண்டாம் நாளே வெல்லம், அழுகின வாழைப்பழம், வேலம்பட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஊறல் போட்டு, வைக்கோல் போருக்குள் புதைத்து வைத்திருந்தார். அம்மாவுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். வைக்கோல் போர் பக்கம் போனாலே குமட்டிக்கொண்டு வந்தது.

ஒருநாள் காலையில் அம்மா நெல் அறுக்கப் போனதும், மாமாவும் நைனாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கீழே இருக்கிற மோட்டார் கொட்டகைக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று செங்கல் வைத்த அடுப்பு, ஒரு கட்டு வேலிக்காத்தான் விறகு, உடைந்த பிரிட்ஜிலிருந்து கழற்றின செம்புக் குழாய், ஒரு பக்கெட் தண்ணீர், எல்லாம் தயாராக இருந்தன. காய்ச்சும் பாத்திரம் எங்கள் வீட்டுக் குக்கர். மாமாவே அம்மாவுக்குச் சீராகக் கொடுத்தது.

நான் எதற்கு என்றால், படிப்பதற்கு. மாமாவின் போனில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் செய்கிற ஏழு தப்புகளையும், அவற்றைச் சரிசெய்கிற விதத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு யாருக்கும் பிடிபடவில்லை. கீழே எழுத்து ஓடியது. மாமா பத்தாவது மூன்று முறை எழுதியவர். மூன்று முறையும் இங்கிலீஷில் போனவர்.

"பாப்பா, உனுக்குத்தான் ரீடிங் சூப்பரா வரும்னு உங்க டீச்சர் சொன்னாங்களே. இத்த நிறுத்தி நிறுத்திப் படிச்சி சொல்லு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் நல்லாப் படிப்பது இவர்கள் சாராயம் காய்ச்சுவதற்கா? நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதே என்பது முதல் தப்புக்கு அவர் சொன்ன வைத்தியம். கழுத்து வரைக்கும் ஊற்றணுமாம் என்றேன். சக்கையை வடிகட்டிவிட்டு ஊற்று என்றார் இரண்டாவதில். சக்கையோடு ஊற்றினால்தான் வேகம் இருக்குமாம் என்றேன். அடைத்துக்கொண்டால் வெடிக்கும் என்று கீழே காரணமும் போட்டிருந்தது. சத்தியமாகப் படித்தேன். அது அவர் ஊர்ப் பாத்திரத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். நம் வீட்டுக் குக்கரில் என்ன ஆகிவிடும், அடிப்பிடித்துத் தீய்ந்துபோகும், கொட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் என் சதித்திட்டம்.

மற்ற ஐந்தையும் யோக்கியமாகத்தான் சொன்னேன். தீ சின்னதாக எரியணும். ஆவி போகிற வழியை அடைக்கக் கூடாது. பக்கெட் தண்ணீர் சூடானால் மாற்றணும். முதலில் சொட்டுவதைக் குடிக்காமல் கொட்டணும். அடுப்பை விட்டு எழுந்து போகக் கூடாது. ஆனால் மாமா யார் பேச்சைக் கேட்பவர்? சேஃப்டி வால்வு லேசாகக் கசிகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, வாஷர் வைத்து ஒரு போல்ட்டை முறுக்கினார். "ஆவிக்கு அதான் பைப்பு கீதே" என்றார். கழுத்து வரை ஊறல், மிதக்கிற பட்டை, வால்வு இருந்த இடத்தில் போல்ட்.

கொஞ்ச நேரத்தில் குழாய் முனையில் சொட்ட ஆரம்பித்தது. மாமா கைதட்டினார். நைனா அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது முப்பது சொட்டு விழுந்திருக்கும், நின்றுபோனது. குழாயைத் தட்டினார்கள், ஊதினார்கள், வரவில்லை. தீ பத்தவில்லை என்று முடிவு செய்து மாமா இன்னும் நாலு விறகைத் தள்ளினார். மூடி ஓரத்தில் உஸ்ஸென்று நுரை பீறிட்டது. குக்கர் செங்கல் மேல் கிடுகிடுவென்று ஆடியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைக்காரர் சொன்னது எல்லா ஊர்ப் பாத்திரத்துக்கும்தான். நைனாவோ அடுப்புக்கு முன்னால் குந்தி, குழாய் சேர்கிற இடத்தை முகத்தைக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, எய்ந்து வா! வெடிக்கும்!" என்று கத்தினேன்.

"சும்மா இரு பாப்பா" என்றார், திரும்பாமலே.

நான் தப்பாகப் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். செம்புக் குழாய் முங்கியிருந்த பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பின் மேல் அப்படியே கவிழ்த்தேன். சாம்பலும் புகையும் கொட்டகை பூராவும் எழும்பியது. நைனா தொப்பலாக நனைந்து எழுந்தார். பளாரென்று ஒன்று விட்டார். அதுவரை அவர் என் மேல் கை வைத்ததே இல்லை, குடித்திருந்தபோதுகூட.

தீ அணைந்தும் குக்கர் அடங்கவில்லை. உள்ளே உறுமிக்கொண்டே இருந்தது. மாமா மூடியைத் திறக்கப் போனார். அந்த நேரத்தில்தான் அம்மா வந்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், சோறு வைக்கக் குக்கரைக் காணோம் என்று தேடி, புகை வந்த திசையில் நடந்து வந்திருக்கிறாள். நான் தண்ணீர் ஊற்றினதையும் அறை வாங்கினதையும் வரப்பில் வரும்போதே பார்த்துவிட்டாள். கையில் கதிர் அரிவாள் இன்னும் இருந்தது.

"டேய்! கை வெக்காத! மூடியத் தொட்ட, மூஞ்சி பூடும்!"

மாமா அப்படியே நின்றார். எல்லோரையும் கொட்டகைக்கு வெளியே விரட்டிவிட்டு, கோணிப்பையை வாய்க்காலில் நனைத்துத் தூரத்திலிருந்தே குக்கர் மேல் வீசினாள். அது காய்ந்ததும் இன்னொன்று. சத்தம் முழுக்க அடங்கின பிறகும் ரொம்ப நேரம் காத்திருந்துதான் திறந்தாள். குழாய் வாயில் பட்டைத் தூளும் பழச் சக்கையும் கல்லு மாதிரி அடைத்திருந்தன.

"பருப்ப வழிய வழிய வெச்சா ஓட்டைல அடைச்சிக்கும்னு இத்தினி வருசமா கத்திக்கினு கீறேன். எவன் காதுல வாங்குறீங்க? இதுல போல்ட்டு வேற!" என்று மாமாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஊறல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். கொட்டு, கொட்டு என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். கரையில் நின்றவள் திரும்பி நைனாவைப் பார்த்தாள். ஈரத் துணியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தும் உடம்பே உதறிக்கொண்டிருந்தது. அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். பாப்பா படித்துக் காட்டினபடிதான் செய்தோம் என்று மாமா நீட்டிய போனை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"முந்தா நாளு வயல்ல உங்க நைனாவுக்கு கையி காலு இய்த்துக்கிச்சி. உனுக்கு சொல்லல. இன்னொரு தபா இய்த்தா, வண்டி இல்லாத ஊர்ல எங்க தூக்கிக்கினு ஓடுவேன்? அந்த ஆளு இன்னா சொல்றான், மொதல்லருந்து படி."

நான் இப்போது நர்சிங் படிக்கிறேன். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதும், அதற்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை உண்டு என்பதும், முதல் சொட்டைக் கொட்டிவிட்டால் விஷம் முழுக்கப் போய்விடாது என்பதும் இப்போது தெரியும். அன்றைக்கு அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவும் கட்சி மாறிவிட்டாள் என்பதுதான். அழுதுகொண்டே படித்தேன். உள்ளதை உள்ளபடி. பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வடிகட்டணும்.

மாமா நிமிர்ந்தார். "இன்னா பாப்பா, காலைல கய்த்து வரைக்கும் ஊத்துன்னு சொன்ன? சக்கையோட போடுன்னு சொன்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா காலைலயும் இதத்தான் சொல்லுச்சி" என்றார் மரத்தடியிலிருந்து நைனா. "பாதின்னுதான் சொல்லுச்சி. நாந்தான் நெறய வரட்டுமேன்னு வயிய ஊத்திட்டேன்."

"இல்ல மாமா, பாப்பாதான்..." என்று நைனாவிடம் இழுத்தார் மாமா.

"நாந்தான்னு சொல்றேன்ல. வுடு மச்சான்."

அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். புள்ளை படித்துப் படித்துச் சொல்லியும் பேராசை பிடித்து வெடி வைக்கப் பார்த்தாயே, அவள் தண்ணீர் ஊற்றலேன்னா இன்னேரம் பொணம்தானே, அவளையே அடித்தாயே என்று, நின்ற இடத்தில் நின்று, ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுக்க வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் அடுப்பு அம்மா கைக்குப் போனது. முந்தானையில் வடிகட்டினாள், பாதி ஊற்றினாள், போல்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வால்வைத் திரும்ப மாட்டினாள், ஒற்றை விறகில் எரித்தாள். முதலில் வந்ததைக் கொட்டச் சொன்னபோது மாமா முகம் செத்துப்போனது. சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டில் சேர்ந்தது. அதில் கொஞ்சம் டம்ளரில் ஊற்றி, அவள் கையாலேயே நைனா வாயில் வைத்தாள். மிச்சத்தைத் தன் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஒவ்வொரு நாளும் அளவு குறைந்துகொண்டே வந்தது. நான் அம்மாவோடு நாலு நாள் பேசவில்லை.

அன்று சாயங்காலம், கை கொஞ்சம் நின்ற பிறகு, நைனா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அடித்த கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவரும் வேறொன்றும் கேட்கவில்லை. பாவம், காலையில் நான் என்ன படித்தேன் என்பதுகூட நைனாவுக்கு ஞாபகம் இல்லை, குடி மூளையைத் தின்றுவிட்டது, நல்லவேளை நான் தப்பித்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.