அலமாரியின் முன்வரிசை

மேடவாக்கம் சூப்பர் மார்க்கெட்டில் ஓட்ஸ் டப்பா ஒன்றை எடுத்தேன். அதன் பின்னால் இன்னொன்று இல்லை. பக்கத்து டப்பாக்களுக்குப் பின்னாலும் காலிதான். டப்பாவைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

அப்பாவும் சித்தப்பாவும் தாம்பரத்தில் தொடங்கிய கடை, நான் ஐந்தாவது படிக்கையில் நான்கு கிளைகளாகியிருந்தது. ஏழாவதில் வியாபாரம் நொடித்து, சரக்கு வேன் வருவதே அபூர்வமாயிற்று. ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேராகச் சேலையூர் கிளைக்குப் போவோம். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இருக்கும் பொருளையெல்லாம் தட்டின் விளிம்புக்கு இழுத்து வைப்பார்.

"முன்னாடி நிறைஞ்சிருந்தா போதும்மா. பின்னாடி யாரு பாக்கப் போறாங்க?"

யாராவது ஒன்றை எடுத்தால், மற்றதை நகர்த்தி அந்த இடைவெளியை மறைப்பது என் வேலை.

ஒருநாள் என் கணக்கு டீச்சர் வந்து, மிச்சமிருந்த இரண்டு ஜாம் பாட்டில்கள் முன்னால் நின்றார். வாங்காமல் போய்விட வேண்டும் என்று ஜெபித்தேன், கடைக்காரர் மகளான நான். அவர் இரண்டையும் எடுத்தார். பின்னால் இருட்டு தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு கிடைக்குமா?"

"குடோன்ல இருக்கு மிஸ்," என்று சொல்லிவிட்டேன்.

"சரி, வெயிட் பண்றேன்."

அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடோனுக்குள் போனார். அங்கே காலி அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. மிஸ் வெகுநேரம் நின்றார். அவர் கிளம்பும்வரை அப்பா வெளியே வரவில்லை.

"இன்னொண்ணு வேணுமாக்கா? குடோன்ல பாக்கட்டுமா?" மேடவாக்கம் கடையின் சீருடை அணிந்த பெண் என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வேணாம்மா," என்றேன் அவசரமாக. கையிலிருந்த டப்பாவையும் பழைய இடத்திலேயே வைத்து, விளிம்புவரை இழுத்துவிட்டேன்.