நம்பர் லாக் விளக்கு

ஓசூர்த் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், அதன் அடித்தளமான கெர்னலைக் கவனித்துக்கொண்டவர் எங்கள் சீனியர். ராயக்கோட்டை பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நசுங்கி வருவதால், சட்டையில் எங்காவது ஒரு சிவப்புக் கறை இருக்கும். என் புரோகிராம்கள் நல்ல நாளிலேயே அசையாது என்பதால், கம்ப்யூட்டர் நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கூப்பிடுவேன்.

வந்ததும் கீபோர்டில் நம்பர் லாக்கைத் தட்டுவார். மேலே குட்டி விளக்கு எரிந்தால், "உசுரு இருக்குதுப்பா" என்று உட்கார்ந்துவிடுவார். எரியாவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவார்.

"கிராஷ் ஆனாலாவது ஸ்கிரீன்ல எதையாவது எழுதிட்டுச் சாவும். இது ஹேங்கு. அப்படியே நின்னுடும், வாயத் தொறக்காது" என்பார்.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து முதலாளிகள் அதைப் பார்க்க வந்தார்கள். அன்று ஒழுங்காக ஓடாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாகப் பேச்சு. அவர்கள் கண்ணெதிரே சிஸ்டம் ஹேங் ஆனது. அவர் நம்பர் லாக்கைத் தட்டினார். விளக்கு எரிந்தது. அதை அவர்களுக்குக் காட்டினார். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பிரிவை மூடிவிட்டார்கள்.

கேன்டீனில் அவர் சாதத்தைப் பிசைந்தபடி வெறித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத நான், அவர் தோளில் ஒற்றை விரலால் தட்டி, "எரியுதா சார்?" என்றேன்.

"எரியுதுப்பா. உள்ளதான் ஒண்ணும் ஓடல."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று கைவசம் அப்பளம்தான் இருந்தது. அவர் தட்டில் வைத்தேன். அது நமத்துப்போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.