பேஷண்டைவிடப் பருமனான எக்கோ டெக்னீஷியன்

அடுத்தவர் நெஞ்சில் ஜெல் தடவிப் பிழைப்பது என் தொழில். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்கோ டெக்னீஷியன். வயிற்றைச் சிறிதாக்கி எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் இதயத்தையும் கழுத்து ரத்தக்குழாயையும் முன்னும் பின்னும் ஸ்கேன் பண்ணுவேன். எடை மெஷினில் ஏறும்முன் வளையலைக்கூடக் கழற்றி வைக்கும் என் இனத்தாரே, கேளுங்கள்.

யாருக்கு ஸ்கேன்?

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். கட்டிலில் விரிப்பு மாற்றியதற்கே எனக்கு மூச்சு வாங்கி, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "முதல்ல அவங்களைப் பாருங்க சிஸ்டர், பாவம். நான் வெயிட் பண்றேன்."

லிஃப்ட் ரிப்பேர்

ஜோகுபாளையம் கோகிலாவுக்கு ஹாஸ்டலில் சமையல் வேலை. முதல் தடவை வந்தபோது ப்ரெஷர் அதிகம். இதயச் சுவர் தடித்திருந்தது. சோற்றைக் குறை, நட என்று புத்தி சொன்னேன். மேஜையில் என் முட்டை பஃப்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்து அடுத்த வருஷம் செக்கப்புக்கு வந்தாள். அன்று லிஃப்ட் ரிப்பேர். படியில் அவள் முன்னால், நான் பின்னால். ப்ரெஷர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டே ஏறினாள். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஸ்கேனில் படம் ஆடியது. ஆடியது என் கை. இதயச் சுவரின் தடிப்பு குறைந்திருந்தது மட்டும் நன்றாகவே தெரிந்தது. மறுபடி அளக்கக் குனிந்தேன். "நிதானமா மூச்சு விடுங்க மேடம், என் ஹார்ட் எங்கயும் ஓடிப்போகாது."

வழக்கமான வாக்கியம்

அன்று மத்தியானமே, கூட வேலை பார்க்கும் ஷபீரிடம் கழுத்தை நீட்டினேன். கெட்ட செய்தியை டெக்னீஷியன் சொல்லக்கூடாது. அதற்கென்றே நாங்கள் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். ஷபீர் ஸ்கேன் கருவியை என் கழுத்தில் வைத்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தான்.

"என்னப்பா, கொழுப்பு படிஞ்சிருக்கா?" என்றேன். ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரிப்போர்ட் டாக்டர் சொல்வாங்க அக்கா."

கேக் சந்தேகம்

ப்ரெஷரும் அதிகம், கழுத்து ரத்தக்குழாயும் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். அந்தப் பயத்தில்தான் நானும் எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். தியேட்டருக்குள் போகுமுன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் அழுதேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மீசை முளைத்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போது ப்ரெஷர் அடங்கியிருக்கிறது. ரத்தக்குழாயின் தடிப்பு போய்விடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில், கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு பிளம் கேக் சாப்பிடலாமா என்று சர்ஜனிடம் கேட்டேன். ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "வயித்தை நான் சின்னதாக்கிட்டேன் ஸ்டெல்லா, வாய் உங்க பொறுப்பு."

ஊரார் இதயத்தையெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கும் ஒன்று இருப்பது தெரிய வயிற்றை வெட்ட வேண்டியிருந்தது.