ஆறு மணி வேன்

சில வருடங்களுக்கு முன்பு, மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு விடுமுறையில், திருப்பூர் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு ட்ரெய்னிங் போனேன். அரசுப் பள்ளியில் படித்ததால் ஒதுக்கீட்டில் கிடைத்த சீட். ஃபீஸையும் அரசாங்கமே கட்டியது. என் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கர்வம் முதல் நாளே இறங்கிவிட்டது. பனியன் துணி பின்னும் மெஷின் ஓடும்போது வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். அதைப் பிரித்து, ஊசிகள் வரிசையாக நிற்கும் சிலிண்டரை இறக்கி, ஊசி மாற்றும்போதுதான் ஏதாவது கற்றுக்கொள்ளலாம். அந்த வேலை ஷிப்ட் முடிந்து, மாலை ஆறு மணிக்கு மேல்தான் நடக்கும். காலேஜ் போட்ட விதியோ, பெண் பிள்ளைகள் கம்பெனி வேனில்தான் திரும்ப வேண்டும் என்பது. வேன் ஆறு மணிக்கு! பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடன் வந்த பையன்கள் ஸ்பேனரும் கையுமாக நிற்க, நான் டிபன் பாக்ஸும் கையுமாகக் கிளம்புவேன். பாவம், எனக்காக செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அதில் மெஷினைவிட ஒருவனுடைய பின்மண்டைதான் அதிகம் தெரிந்தது.

கடைசி வாரம் வந்தது. அன்று மாலை ஒரு மெஷினைப் பிரிக்கிறார்கள், அதோடு என் ட்ரெய்னிங் முடிவதற்குள் வேறு எதையும் பிரிக்கப்போவதில்லை. மேனேஜரிடம் கெஞ்சினேன். "காலேஜ் ரூல்ஸ மீற முடியாது கண்ணு. உனக்கென்ன, ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ற வேலை கிடைக்கும்" என்றார் அன்பாக. அந்த அன்பைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.

வேன் நிறைய, பக்கத்து யூனிட்டில் தைக்கும் அக்காமார்கள். அதுவரை அவர்களோடு சிரிப்பதோடு சரி. தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர், "என்னட்டி, எவன் என்ன சொன்னான்?" என்று சண்டைக்கே தயாராகிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். பின் சீட்டிலிருந்த உள்ளூர் அக்கா டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, புள்ள வேன்லதான போகோணும்? வேன் இங்கயே நிக்கட்டுமுங்க."

"நீங்கெல்லாம் ஊட்டுக்குப் போய் சோறாக்க வேண்டாமுங்களா?" என்றார் டிரைவர்.

அடுத்த நிமிடம் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஒருவர் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கணவருக்கு வழி சொன்னார். இன்னொருவர் மூன்று விசில், மூன்று விசில் என்று கத்தினார். தூத்துக்குடி அக்கா, "இன்னைக்கு நீங்களே சோத்தப் பொங்குங்க" என்று ஒரே வரியில் போனை வைத்துவிட்டார். வந்து பார்த்த மேனேஜர் தலையைச் சொறிந்தார். வேனும் கிளம்பவில்லை, விதியும் மீறப்படவில்லை. "சரி, போய்ப் பாரு கண்ணு" என்றார்.

ஒரே ஓட்டம்! சிலிண்டரை இறக்குவதைக் கண்ணால் பார்த்தேன், என் கையால் ஊசியும் போட்டேன். அரை மணி நேரம் என்று போனவள் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. திட்டு விழும் என்று பயந்துகொண்டே வேனில் ஏறினால், எனக்கென்று பஜ்ஜி எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளூர் அக்கா பனியன் வேஸ்ட் துணியால் என் கை ஆயிலைத் துடைத்துக்கொண்டே, "என்ன பாத்தே, சொல்லு. இத்தன வருசமா தைக்கறோம், அந்தத் துணி எப்படி வருதுன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றார். பழைய பஸ் ஸ்டாண்ட் வரும்வரை வாய் ஓயாமல் விளக்கினேன். பிறகு காலேஜில் வைவாவுக்குக் கேட்ட கேள்வியெல்லாம் அவர்கள் கேட்டதில் பாதிகூட இல்லை.

இன்று நான் திருப்பூரிலேயே ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர். ட்ரெய்னிங்குக்குப் பெண் பிள்ளைகள் வந்தால், முதலாளியிடம் மல்லுக்கட்டியாவது ஒரு மெஷினைப் பகலிலேயே பிரித்துக் காட்டிவிடுவேன். எனக்கு சீட் கொடுத்தது அரசாங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை இன்ஜினீயர் ஆக்கியதில், அன்று ராத்திரி அத்தனை வீடுகளிலும் தாமதமாக வெந்த சோற்றுக்கும் பங்கு உண்டு.