மணிக்கொரு வாளிச் சத்தம்

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று எங்கள் கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்ததில் என் பங்கு உண்டு. பதினெட்டு ஸ்லைடு போட்டேன். பதினொன்றாவது ஸ்லைடிலேயே மேனேஜர், "அச்சா, போதும்மா, வீட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டார். மீதி ஏழையும் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் ஜங்புராவில் மெட்ரோவிலிருந்து இறங்கும்போதுதான் வீட்டு நிபந்தனை ஞாபகம் வந்தது. நான் இருப்பது மொட்டை மாடியில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்கார அக்கா. திருநெல்வேலிக்காரர், நர்ஸ், எப்போதும் நைட் டூட்டி. பகலில்தான் தூங்குவார். "காலைல ஒம்பதுக்குப் போயிரணும், ஆறு மணிக்குத்தான் வரணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். அந்த வாடகைக்கு ஜன்னல் உள்ள அறை தில்லியில் வேறு கிடையாது.

ஆகவே மறுநாளும் டிபன் பாக்ஸோடு ஒன்பதுக்குக் கிளம்பினேன். மெட்ரோவில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். முதல் மீட்டிங்கிலேயே, கதவுகள் இடப்பக்கம் திறக்கும் என்று அறிவிப்பு வந்தது.

"உங்க வீட்டுக்கு எத்தனை கதவு?" என்று மேனேஜர் கேட்டார். வீடு என்றால் வீடு, இல்லையென்றால் ஆபீஸ் என்றார்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"வீட்ல இருந்து என்ன வேலட்டீ?"

"கம்ப்யூட்டர்லதான்க்கா."

"இவ்வளவு நாளா ஆபீஸ்ல போய் என்ன செஞ்ச?"

"இதேதான்."

"பொறவு எதுக்குப் போன?"

இது என் பதினெட்டு ஸ்லைடில் இல்லை.

ஒரு நாள் பார்ப்போம் என்றார். தூக்கம் கெட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

நாற்காலிக் கால்கள் நான்குக்கும் சாக்ஸ் மாட்டினேன். குக்கர் வைக்கவில்லை. இழுத்தால் தரையெல்லாம் கரகரக்கும் இரும்பு வாளியைத் தொடவேயில்லை. மீட்டிங்கில் பேசாமல் எல்லாவற்றையும் டைப் செய்தேன். அன்றுதான் நான் கவனமாக இருந்ததாக மேனேஜர் பாராட்டினார். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கலைந்த தலையோடு அக்கா. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பொட்டுத் தூக்கம் இல்ல. மேல ஒருத்தி இருக்காளா, செத்தாளான்னு ஒரு அசைவும் காணோம். எப்படிட்டீ தூங்க?"

"அப்ப காலி பண்ணணுமாக்கா?"

"வாயக் கழுவு. மணிக்கு ஒருக்க அந்த வாளிய இழு. வார்டுல ரவுண்டு போற மாதிரி. நான் தூக்கத்துலயே கேட்டுக்கிடுவேன்."

இழுக்கிறேன். ஆபீஸ் காலண்டரில் அதற்கு மணிக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். அது என்ன என்று மேனேஜர் கேட்டார். எழுந்து ஒரு பொருளை நகர்த்துவது என்றேன். நல்ல பழக்கம் என்று டீமில் எல்லோருடைய காலண்டரிலும் அதைப் போட்டுவிட்டார்.