பட்டியலில் இல்லாத மருத்துவிச்சி

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். போன வருடம், வரலாற்றில் இடம்பிடித்த ஒரு பெண்ணைப் பற்றித் தேடி எழுதும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியலையும் நானே கொடுத்தேன்.

தர்சினி என்ற மாணவி மட்டும் அதைத் திருப்பித் தந்தாள்.

"டீச்சர், எங்கட வீட்டு ஒழுங்கையில முந்தி இருந்த மருத்துவிச்சி செல்லம்மாவைப் பற்றி எழுதட்டே?"

"அவவைப் பற்றி நெட்டில ஏதும் இருக்கே?"

"இல்லை டீச்சர்."

"அப்ப ஆதாரத்துக்கு என்ன செய்வீர்? வேற ஆளை எடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து அவள் ஒரு ஃபைலை என் மேசையில் வைத்தாள். உள்ளே ஒன்பது பழைய பிறப்புச் சான்றிதழ்களின் போட்டோ கொப்பிகள். தமிழ், சிங்கள, முஸ்லிம் வீடுகளில் ஏறி இறங்கி, கேட்டு வாங்கியிருக்கிறாள். பிறப்பை அறிவித்தவர் என்ற இடத்தில் ஒன்பதிலும் செல்லம்மாவின் பெயர்.

"ஆதாரத்துக்கு இது காணுமே டீச்சர்?" என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை.

ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பதினேழு வருடமாக ஆதாரம், ஆதாரம் என்று படிப்பித்தவள் நான். அதைத் தேடி ஒரு வாசற்படியும் ஏறியதில்லை.

அடுத்த நாள் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த வருடம் பட்டியல் கொடுக்கவில்லை. பிள்ளைகள் சொல்லும் பெயரைத் தெரியாது என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமுமில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு நானும் ஆதாரம் தேடி வீடு வீடாகப் போகிறேன். சில கதவுகள் திறப்பதில்லை. மறு சனிக்கிழமை திரும்பவும் போய்த் தட்டுகிறோம்.